ஆறு நாற்காலிகளில் ஒன்று

மார்ச் 2, திங்கள்

குஷன் கடை முதலாளிக்கு,

அப்பா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் முதலாளி.

நேற்று காலை என் போனைப் பிடுங்கிக்கொண்டீர்கள். பிடுங்கியதுகூடப் பரவாயில்லை. சோபா துணி பார்க்க வந்திருந்த மனிதர் எதிரில், "கணக்குல முப்பத்தொண்ணு வாங்குறவளுக்கு போன் ஒரு கேடா?" என்று கேட்டீர்கள். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தொன்றுக்குத் தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

இரண்டு வாரம் என்றீர்கள். அதாவது பதினைந்தாம் தேதி, ஞாயிறு. காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். போன் என் கைக்கு வரும்வரை உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது சபதம். மாடிப்படியில் நின்று கூப்பிட்டாலும், தும்மினாலும், தடுக்கி விழுந்தாலும் பதில் வராது. (விழுந்தால் மட்டும் அம்மாவைக் கூப்பிடுவேன்.) ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதி என் மேஜையில் வையுங்கள். நான் எழுதுவது உங்கள் தையல் மெஷின் மேல் இருக்கும். அம்மா நடுவில் வர மாட்டாளாம். "நான் என்ன தபால்காரியா? அப்பனும் பொண்ணும் முறைச்சுக்கிட்டா எனக்கு எதுக்குக் கால் வலி?" என்று கேட்டுவிட்டாள்.

இன்னொன்று. போன தடவை மாவு டப்பாவில் ஒளித்தீர்கள். அதற்கு முன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால். அதற்கும் முன் அம்மாவின் பழைய சூட்கேஸில். மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தேன். இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம்.

மாடியில் இருப்பவள்


மார்ச் 3, செவ்வாய்

வக்கீலம்மாவுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. மெஷினை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் படித்தேன். வெளி ஆள் எதிரில் அப்படிக் கேட்டது தப்புதான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தொன்றுக்கு மன்னிப்பு கிடையாது.

நான் ஏன் எடுத்தேன் என்று உனக்கே தெரியும். சாப்பிடும்போது ஒரு கை தட்டில், ஒரு கை போனில். கூப்பிட்டால் 'ம்'. என்னம்மா ஆச்சு என்றால் அதற்கும் 'ம்'. மாலை ஐந்து மணி அடித்தால் போதும், மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறாய், இறங்க ஒரு மணி நேரம். யாரிடம் பேசினாய் என்றால் 'சும்மா' என்கிறாய். இந்தச் சும்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் பேச அப்படி என்னதான் இருக்கும்? பெற்றவன் என்னவென்று நினைத்துக்கொள்வது?

ஒளித்த இடத்தைப் பற்றி. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் உனக்குக் கிடைக்காது. இருபத்திரண்டு வருடத் தொழிலை அதில் இறக்கியிருக்கிறேன். தேடி நேரத்தை வீணாக்காமல் கணக்குப் போடு.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் போன் உன் மேஜையில் இருக்கும். உன் அப்பன் சொன்னால் சொன்னதுதான். வாக்கு மாறுகிற பழக்கம் நம் கடையில் இல்லை.

அப்பா (முதலாளி இல்லை)


மார்ச் 8, ஞாயிறு

கடை முதலாளிக்கு,

தேடினேன். மறைக்கவில்லை. பழைய சோபாக்களின் அடிவயிற்றில் கைவிட்டு ஒரு சீப்பு, இரண்டு பொத்தான், யாருடையதோ ஒரு சாவி எடுத்தேன். ரெக்சின் சுருள்களுக்குள் கண் வைத்துப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் அடுக்கியிருக்கும் மூலையில் ஏறி இறங்கியதில் இரண்டு நாளாகத் தும்மல். வியாழக்கிழமை அந்த ஆறு நீல நாற்காலிகளும் போன பிறகு கடையே மைதானம் மாதிரி ஆகிவிட்டது, தேட இடமே இல்லை. தோற்றுவிட்டேன், போதுமா?

இப்போது ஒரு கோரிக்கை. போனைத் திருப்பித் தர வேண்டாம். தண்டனை ஓடட்டும். ஒரே ஒரு நாள், மாலை ஐந்து மணிக்கு, பத்து நிமிடம் மட்டும் கொடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம், ஆனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல முடியாது. அது என் விஷயம் இல்லை, இன்னொருத்தர் விஷயம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாக்கு மாறாதவர் ஆயிற்றே, புரிந்துகொள்வீர்கள்.

அப்புறம், நீங்கள் வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்கிறாள். அதற்கும் என் சபதத்துக்கும் சம்பந்தம் இருந்தால் சொல்லுங்கள். சபதத்தை விட மாட்டேன், ஆனால் சொல்லுங்கள்.

மாடியில் இருப்பவள்


மார்ச் 9, திங்கள்

பத்து நிமிடம் தர முடியாது. முடியாது என்றால் முடியாது. கேட்காதே.

அப்பா


மார்ச் 15, ஞாயிறு

வக்கீலம்மாவுக்கு,

காலண்டரில் உன் சிவப்பு வட்டம் காலையிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை உனக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. இருபத்தாறாம் தேதிதான் முடிகிறது. நடுவில் போனைக் கொடுத்தால் கவனம் சிதறும். படிக்கிற பிள்ளைக்கு அது நல்லதில்லை. எனவே பரீட்சை முடிந்த பிறகு தருகிறேன். இது உன் நன்மைக்காக எடுத்த முடிவு. மேலும், நேற்று அம்மா கூப்பிட்டபோது நீ கதவைச் சாத்திய விதம் சரியில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். மேலும், உன் அறையில் விளக்கு வீணாக எரிகிறது.

நன்றாகப் படி.

அப்பா


மார்ச் 16, திங்கள்

வாக்கு மாறாதவருக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். விளக்கு எரிவதற்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? கதவு காற்றில் சாத்தியது, அம்மாவே சாட்சி. பரீட்சை பன்னிரண்டாம் தேதி தொடங்கும் என்பது ஒன்றாம் தேதியே உங்களுக்குத் தெரியும், நேர அட்டவணையை உங்கள் கையால்தான் சுவரில் ஒட்டினீர்கள். அப்படியிருந்தும் 'பதினைந்து' என்று சொன்னீர்கள்.

உங்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கத்துவீர்கள், எதிரில் ஆள் இருக்கிறது என்று பார்க்க மாட்டீர்கள், ஆனால் சொன்னதைச் செய்வீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரவர் அப்பாவைப் பற்றிப் புலம்பும்போது நான், "எங்க அப்பா சொன்னா சொன்னதுதான்" என்று பீற்றிக்கொள்வேன். இனி அதையும் சொல்ல முடியாது.

உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரே வாரத்தில் மூன்று தடவை பல் டாக்டரிடம் போனீர்களாம். பல் டாக்டர் என்றாலே காய்ச்சல் வந்துவிடும் உங்களுக்கு. கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் பன் மாதிரி ஆனபோதுகூடப் போகாமல் ஒரு வாரம் கஞ்சி குடித்தவர் நீங்கள். அம்மா கவலைப்படுகிறாள். "பல்லுக்கு இல்ல, மனுஷனுக்கு வேற என்னவோ, என்கிட்ட மறைக்கிறார்" என்று பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

என் மேல் கோபம் என்றால் நேராகச் சொல்லுங்கள். இப்படிப் பூசி மெழுக வேண்டாம்.

மாடியில் இருப்பவள்


மார்ச் 17, செவ்வாய்

பல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல். இல்லை, வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதியதில் நடுவில் ஒரு பத்தி இருக்கிறதே, எங்க அப்பா சொன்னா சொன்னதுதான் என்று. அது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அப்பா


மார்ச் 24, செவ்வாய்

அப்பா,

முதலாளி, வாக்கு மாறாதவர் எல்லாம் போகட்டும். சண்டை போட எனக்கு நேரம் இல்லை.

நான் ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். உங்களுக்குக் குருவியை ஞாபகம் இருக்கும். எட்டாவதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். மாலையில் நம் கடைக்கு வந்து உங்கள் துணிச் சாம்பிள் புத்தகத்தின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். டிசம்பரில் அவர்கள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவளுக்கு முதுகெலும்பு வளைந்துகொண்டே போகிறது அப்பா, எஸ் எழுத்து மாதிரி. அங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்வார்கள் என்பதால்தான் ஊரையே மாற்றினார்கள். வகுப்பில் யாருக்கும் சொல்லக் கூடாது, உன் வீட்டிலும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் முதுகையே பார்ப்பார்களாம்.

நீங்கள் கேட்டீர்களே, ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் யாரிடம் பேசுகிறாய் என்று. அவளிடம்தான். சும்மா இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கால் வராமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். தினமும் முதல் அரை மணி நேரம் அழுவாள், அடுத்த அரை மணி நேரம் சிரிக்கவைப்பேன். கணக்கில் முப்பத்தொன்று வாங்கியதும் அதனால்தான் என்று சொல்ல மாட்டேன், கணக்கு எனக்கு எப்பவுமே வராது.

ஆபரேஷன் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. "நீ உள்ள போற வரைக்கும் நான் லைன்ல இருப்பேன்"னு அவளிடம் சொல்லியிருந்தேன். இருபத்து மூன்று நாளாக அவளுக்கு என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளுடைய புது எண் என் போனில் மட்டும்தான் இருக்கிறது, எனக்கு மனப்பாடம் இல்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? நானும் முதுகைப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன் என்றுதானே?

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கடையில் அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, "நிமிர்ந்து உக்காரும்மா, அப்புறம் நாற்காலி செஞ்சவன் மேல பழி வரும்" என்று தமாஷ் பண்ணினீர்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் பேசவே இல்லை. உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அது மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு மணி நேரம் போனைக் கொடுங்கள். அப்புறம் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சுகிறேன் அப்பா.


மார்ச் 24, செவ்வாய், மாலை

கண்ணு,

போன் என்னிடம் இல்லை.

இதை மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் முழுங்கிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன். இனி மீதியைக் கேள்.

நீ எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுகிறாய் என்ற ரோஷத்தில், ஒன்றாம் தேதி மாலை, பல் டாக்டருக்குச் செய்துவைத்திருந்த ஆறு நீல நாற்காலிகளில் ஒன்றின் இருக்கையைப் பிரித்தேன். ஸ்பாஞ்சில் போன் அளவுக்குக் குழி வெட்டி, போனை அணைத்து உள்ளே வைத்து, மேலே இன்னொரு ஸ்பாஞ்ச் போட்டு, ரெக்சினை இழுத்து வளைந்த ஊசியால் இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் உன் கண்ணில் படும் என்று. டெலிவரி இருபதாம் தேதிதான். பதினைந்தாம் தேதி பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். என் மூளையை என்னவென்று சொல்வது!

ஐந்தாம் தேதி நான் ஒரு வீட்டில் சோபா அளவெடுக்கப் போயிருந்தேன். டாக்டர் அந்தப் பக்கம் வண்டியோடு வந்தவர், வேலை முடிந்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். உன் அம்மாவும், "தாராளமா எடுத்துக்கோங்க டாக்டர், கடையில காலை வைக்க இடமில்ல" என்று ஏற்றி அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை, அவளிடம் நான் சொல்லவில்லை.

பல் டாக்டரிடம் ஏன் போனேன் என்று இப்போது புரிகிறதா? போய் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து அடுத்ததில் உட்கார்வேன், அழுத்திப் பார்ப்பேன், ஆட்டிப் பார்ப்பேன். மற்ற நோயாளிகள் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை, அவ்வளவு நல்ல வேலை. மூன்றாவது தடவை டாக்டரே வெளியே வந்து, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். "உங்க நாற்காலிக்குள்ள என் பொண்ணு போன் இருக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல பல் ஒன்றைக் காட்டிவிட்டேன். அதைக் குடைந்து அடைத்து அனுப்பினார்.

மானம் போய்விடும் என்று பயந்தேன். ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள் என்பதைவிட, உனக்குத் தெரிந்தால் சிரிப்பாய் என்று. பொறுப்பு, கவனம் என்று உனக்கு வகுப்பு எடுத்தவன் நான். அதனால்தான் விளக்கு, கதவு என்று கண்டதையும் எழுதினேன். குருவியை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சொன்ன அந்தத் தமாஷையும் நினைத்தால் இன்னும் அதிகம்.

உன் கடிதம் பார்த்ததும் டாக்டர் கிளினிக்குக்கு ஓடினேன். பூட்டியிருக்கிறது. போன் செய்தேன், குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறார், சாவி அவரிடம், சனிக்கிழமைதான் வருகிறார். ஆஸ்பத்திரி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். நோயாளியின் பெயர், பதிவு எண் இரண்டும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது குருவி என்பது மட்டும்தான். சொன்னேன். வைத்துவிட்டார்கள்.

அதனால் நானே போகிறேன். நாளை மதியம் பஸ். நாலு மணி நேரம். நீ அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதி மெஷின் மேல் வை, அவள் கையில் கொடுப்பேன். உனக்கு வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை, நீ வர முடியாது, கேட்காதே. சொன்னதைச் செய்கிறவன் என்று என்னை இனி நீ நம்ப வேண்டாம். செய்த பிறகு பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 25, புதன்

அப்பா,

படித்ததும் முதலில் உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி படித்தேன். நல்ல பல்லைக் குடைய விட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. உங்கள் மேல் உள்ள கோபம் போகவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உறைக்குள் இருப்பது குருவிக்கு. பிரிக்காதீர்கள். உறையின் பின்னால் அவளுடைய முழுப் பெயரும் அவள் அப்பா பெயரும் எழுதியிருக்கிறேன், குருவி என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

அவள் இப்போது முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள். இளைத்திருப்பாள், "ஏம்மா இப்படி இளைச்சுட்டே" என்று கேட்க வேண்டாம். அவள் அம்மா சிடுசிடு என்று பேசுவார், பயத்தில்தான் அப்படி. தமாஷ் பண்ணாதீர்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லாதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்களாம், அவளுக்குக் கேட்டுக் கேட்டு எரிச்சல். வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. நான் அவளிடம் எங்கள் வகுப்பில் யார் யாரோடு சண்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எட்டு மணிக்குள் போய்விடுங்கள். தயவுசெய்து.

நாளைக்குப் பரீட்சையை ஒழுங்காக எழுதுவேன். ஸ்வெட்டர் பையில் மேலாக இருக்கிறது, அம்மா வைத்தாள். அடியில் பிஸ்கட் இருக்கிறது, அது நான்.


மார்ச் 26, வியாழன்
ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி நடைவழி

கண்ணு,

காலை ஒன்பது. அவள் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், கையோடு கொண்டுவருகிறேன்.

நேற்று வந்து சேரும்போது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. வாசலில் காவலுக்கு நின்ற அம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. இன்று காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். அதே அம்மாள். "நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். "சித்தப்பா" என்றேன். பொய்தான். இந்த மாதம் நான் சொன்ன பொய்களிலேயே உருப்படியானது இது ஒன்றுதான். அதற்கும் சீட்டு கேட்டார், மேலே ஆள் அனுப்பிக் கேட்டார், எல்லாம் முடிந்து என்னை விடும்போது மணி ஏழே முக்கால். மூன்று மாடியும் ஓடினேன். லிப்ட் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

தள்ளுபடுக்கையில் ஏற்றி வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே போக மாட்டேன் என்று படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் கைவிரல்களை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்க்கிறாள், இவள் விட்டால்தானே. என்னைப் பார்த்ததும் யார் என்று ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் பின்னால் எட்டிப் பார்த்தாள், நீ வருகிறாயா என்று. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. உறையை நீட்டினேன். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு தடவை படித்தாள். நீ என்ன எழுதினாய் என்று தெரியாது, நடுவில் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அங்கிள், நிஜமாவே நாற்காலிக்குள்ள வெச்சு தைச்சுட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள் கண்ணு. நர்ஸும் சிரித்தாள். அவள் அம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

நிமிர்ந்து உட்காரச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அப்படிச் சொன்னீங்களா, எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். ஞாபகம் இருக்கிறது. எனக்காக அப்படிச் சொன்னாள்.

அப்புறம், "நான் வெளிய வர்ற வரைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்டாள். இருக்கேன்மா என்றேன். "இங்கயேவா?" இங்கேயேதான், இந்தப் பெஞ்சை விட்டு நகர மாட்டேன் என்றேன். அவள் அம்மாவிடமிருந்து தன் போனை வாங்கி என்னவோ தட்டினாள், திருப்பிக் கொடுத்தாள், கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கதவு மூடிக்கொண்டது.

பதினோரு மணி. ஒன்றும் தெரியவில்லை. இரும்புப் பெஞ்சு, குஷன் என்று பெயருக்குக்கூட இல்லை. யார் இதைச் செய்தார்களோ, அவர்களை இதில் ஒருநாள் உட்கார வைக்க வேண்டும். குருவியின் அப்பா தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். நகர மாட்டேன் என்று சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார். நீ இப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாய்.

ஒன்றேகால். இன்னும் இல்லை. அவள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க பொண்ணு கூப்பிடலன்னு இருபது நாளா சாப்பாட்டுல கையே வைக்கல. நான் உங்க பொண்ணை ரொம்பத் திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். திட்ட வேண்டியது என்னைத்தான் என்றேன். உன் பிஸ்கட்டை மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

மூன்று மணி பத்து நிமிடம். டாக்டர் வெளியே வந்தார். நன்றாக முடிந்ததாம். மயக்கம் லேசாகத் தெளிந்ததும் கால்விரலை அசைக்கச் சொன்னார்களாம், இரண்டு காலிலும் அசைத்தாளாம். பத்து விரலும். அப்பாடா! எனக்குக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றவில்லை, கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். குருவியின் அப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் பெயர் உறையில்தான் பார்த்திருக்கிறேன், அவருக்கு என் பெயர் இன்னும் தெரியாது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். பத்து விரலும் அசைகிறது என்று அம்மா திருப்பிச் சொன்னதும் பக்கத்தில் யாரோ விக்கி விக்கி அழுவது கேட்டது. போனை வாங்கிப் பேசுவாய் என்று காத்திருந்தேன். மூச்சு மட்டும் வந்தது. சபதம்! நீ என் பெண்தான், சந்தேகமே இல்லை.

அப்பா


மார்ச் 28, சனி

கண்ணு,

இதோ உன் போன். பல் டாக்டர் காலையில் வந்ததும் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் முகமூடியே கழன்றுவிட்டது. நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்தாவதில் இருந்தது. இத்தனை நாள் எத்தனையோ பேர் அதன்மேல் உட்கார்ந்தும் கீறல்கூட விழவில்லை, அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். சார்ஜ் போட்டிருக்கிறேன். உள்ளே எதையும் பார்க்கவில்லை.

இனிமேல் உன்னைத் தண்டிக்கவே மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் காப்பாற்ற முடியாது. எடுக்க வேண்டிவந்தால் எடுப்பேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால், அதில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பேன். ஒளிக்க மாட்டேன். சாப்பாட்டு மேஜை நடுவில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிடக்கும்.

உன்னைக் காக்கவைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

அப்பா


மார்ச் 28, சனி, மாலை

அப்பா,

போனைத் திறந்ததும் குருவியிடமிருந்து அறுபத்தேழு செய்தி. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. நாற்காலிக்குள் கிடந்தபோது அவள் அனுப்பியவை. நீங்கள் பார்க்காததால் சிலதை இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 1. "எங்கடி போனே? அஞ்சு மணி ஆச்சு."

மார்ச் 4. "உங்க அப்பா போனைப் பிடுங்கிட்டாரா? அப்படின்னா சரி. அப்படித்தானே?"

மார்ச் 13. "புரியுது. தினமும் அழுறவகிட்ட யாருக்குத்தான் பேசப் பிடிக்கும்."

மார்ச் 22. "நீ வரலன்னா நானும் உள்ள போக மாட்டேன். அம்மாகிட்டயே சொல்லிட்டேன்."

மார்ச் 25. "இதுதான் கடைசி. இனிமே உனக்கு எழுத மாட்டேன். நான் போறேன்."

இதைப் படித்ததும் எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள், இன்று மதியம் அம்மா போனிலிருந்து அவள் அம்மாவோடு பேசினோம் என்பதெல்லாம் தெரிந்தும் சில்லிட்டது. அவள் யாரிடமும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அதற்கும் கீழே ஒன்று இருந்தது. வியாழக்கிழமை காலை, ஏழு ஐம்பத்தெட்டு.

"உங்க அப்பா வந்து நிக்கிறார்டி. சட்டையெல்லாம் நூல். மூச்சு வாங்குது அவருக்கு. மேல எழுதினதை எல்லாம் படிக்காம அழிச்சுடு. போயிட்டு வரேன்."

நான் எதையும் அழிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போகவில்லை. கடை வாசலிலேயே நிற்கிறேன். தனியாக எடுத்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. படித்து முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள் அப்பா. இருபத்தேழு நாள் பேச்சு பாக்கி இருக்கிறது.